துழாவலும் பற்றலும்

'கிராஸ்ப்' என்னும் ஆங்கில வினைச்சொல் இறுகப் பற்றுதலையும் பொருளை உணர்தலையும் ஒருங்கே குறிப்பதாயினும், இடைக்கால ஆங்கிலத்தில் அது கையால் துழாவுதலையும் சுட்டிற்றென்பர் சொல்லாராய்ச்சியாளர். குறுக்குத்துறையில், கலங்கிப் பெருகும் தாமிரபரணியில் இறங்கும் முதியவரொருவர், பாசி படிந்த படியைப் பாதத்தால் துழாவி, கல்விளிம்பை விரல்களால் இறுகப் பற்றி, அதன்பின்னரே நீரின் இழுப்பு இன்னதென்றறிந்து மூழ்குவதைக் காணுங்கால், அச்சொல்லின் சரித்திரம் முழுவதும் ஒரு க்ஷணத்தில் பிரத்தியக்ஷமாகிறது. கையால் பற்றுதலைக் குறித்த வடமொழித் தாதுவினின்று பிறந்த 'கிரகித்தல்' நம்மிடையே அறிதலாக வழங்குவதும், விளங்கியதைப் 'பிடிபட்டது' என்று நாம் சொல்வதும் இவ்வுண்மைக்கே சாக்ஷி. ஆகவே, இருளில் துழாவ நாணுகிறவனுக்கு ஞானம் ஒருபோதும் கைவசமாவதில்லை.