கல்லாவும் கஜானாவும்

2022 மே 12ஆம் தேதி இரவு அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராஹிமும் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கும் ஒரே மேடையில் வாதிட்டதை நாடே பார்த்தது. பேசப்பட்ட விஷயங்களில் முக்கியமானது சப்புரா எனர்ஜி. 1,000 கோடி ரிங்கிட்டுக்கு மேல் கடன்பட்டுக் கிடந்த அந்த எண்ணெய்த்துறை நிறுவனத்தை அரசாங்கம் காப்பாற்ற வேண்டும் என்றார் நஜிப். தனியார் நிறுவனத்தின் நட்டத்துக்குப் பொதுமக்கள் பணமா என்று மடக்கினார் அன்வார். மறுநாள் ஒட்டுக்கடைகளில் பேச்செல்லாம் யார் ஜெயித்தார் என்பதைப் பற்றித்தான். அன்வாருக்குத்தான் பலரும் மாலை போட்டார்கள்.

2025 மார்ச் மாதத்தில் அதே சப்புராவுக்கு 110 கோடி ரிங்கிட் தர முன்வந்தது, அதற்குள் பிரதமராகிவிட்ட அன்வாரின் அரசாங்கம். இது நிறுவனத்தைக் காப்பாற்றும் பணம் இல்லை, வேலை செய்து கொடுத்துவிட்டுக் காசுக்காகக் காத்திருக்கும் உள்ளூர்க் குத்தகையாளர்களுக்குச் சேர வேண்டிய பணம் என்று விளக்கம் வந்தது. விளக்கத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அன்று இரவு கைதட்டியவர்கள் எதற்குக் கைதட்டினார்கள் என்ற கேள்வி எழாமல் இருக்காது. அந்த மேடையில் எதிர்ப்பக்கம் நின்ற நஜிப்போ, வாதம் முடிந்து நான்கு மாதம் ஆவதற்குள் எஸ்ஆர்சி வழக்கில் சிறைக்குப் போனார். இருவர் பேச்சிலும் குறை இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

மலாக்கா சட்டமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடிவை நெருங்குகிறது. காடேக், ஆசாஹான், ஜாசின், மலாக்கா நகரம் என்று தமிழர் வாக்கு எண்ணப்படும் இடங்களிலெல்லாம் வேட்பாளரைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டால் இரண்டு சிபாரிசுகள்தான் முதலில் வரும். ஒன்று, “மேடையில பிச்சு உதறுவாரு.” மற்றது, “சொந்தமா கம்பெனி நடத்துறவரு, அவருக்கு நிர்வாகம் தெரியும்.” இரண்டும் தகுதி ஆகாது என்பதே இக்கட்டுரையின் நிலை. முதலாவது அலங்காரம். இரண்டாவது அதைவிட ஆபத்தானது. அது தகுதி போலவே தோற்றமளிக்கிறது.

வணிகன் தன் முதலைப் போட்டு ஆதாயம் தேடுகிறான். நட்டம் வந்தால் கடையை மூடுவான், வீட்டை விற்பான், அடுத்த ஊருக்குப் போய் மறுபடி தொடங்குவான். ஆளவந்தவன் கையில் இருப்பது அடுத்தவர் முதல். அது கரைந்தால் கரைத்தவன் வீடு ஏலத்துக்குப் போவதில்லை. வள்ளுவர் தெரிந்து செயல்வகை அதிகாரத்தில், வரப்போகும் ஆதாயத்தை நினைத்துக் கையிலிருக்கும் முதலையும் இழக்கும் காரியத்தில் அறிவுடையோர் இறங்கமாட்டார்கள் என்று எச்சரிக்கிறார். நடுவுநிலைமை அதிகாரத்தில் பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே வாணிகத்தின் அறம் என்கிறார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழும்போதும் அவர்கள் சேர்த்த செல்வத்தோடு நின்றுவிடவில்லை. கொள்வதை மிகையாகக் கொள்ளாமல், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமல் இருந்ததையும் சேர்த்தே பேசுகிறது. நம் முன்னோர் வணிகரைப் பாராட்டிய இடங்களில் அளவுகோல் ஆதாயம் அன்று, கைநேர்மை. நாமோ காரின் நீளத்தைப் பார்த்துவிட்டு நிர்வாகத் திறமை என்று முடிவு கட்டுகிறோம்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. 1982இல் ம.இ.கா. தலைமையில் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டது. இந்தியர்களும் நாட்டின் பொருளாதாரத்தில் பங்குதாரர் ஆகலாம் என்ற அழைப்பு தோட்டம் தோட்டமாகப் போனது. பால்மரம் வெட்டியவர்கள் சேமிப்பை எடுத்தார்கள், நகையை அடகு வைத்தார்கள், கடனும் வாங்கினார்கள். 60,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். அழைப்பு விடுத்த குரல் சாதாரணக் குரல் இல்லை. ம.இ.கா. தலைவர் ச. சாமிவேலு பால்மரத் தொழிலாளியின் மகன், வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர், கட்டடக் கலைஞர், அமைச்சர். மேடையில் அவருக்கு நிகராக அந்தத் தலைமுறையில் ஒருவரைச் சொல்வது கடினம். பேச்சும் இருந்தது, தொழில் அனுபவமும் இருந்தது.

1990இல் டெலிகோம் பங்குகள் விற்பனைக்கு வந்தபோது மைக்காவுக்கென்று ஒரு கோடிப் பங்குகள் ஒதுக்கப்பட்டன. மைக்காவிடம் வந்து சேர்ந்தவை 10 லட்சம். மிச்சம் 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது பின்னர் வெளியே தெரிந்தது. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. தவறு நடக்கவில்லை என்றார் சாமிவேலு. அவர்மீது குற்றச்சாட்டு எதுவும் கொண்டுவரப்படவில்லை. சட்டத்தின் கணக்கு அதோடு முடிந்தது. தோட்டத்துப் பாட்டி தலையணை உறையில் வைத்திருந்த பங்குப் பத்திரத்தின் கணக்கு முடியவில்லை. 2010இல் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்தை நிறுவிய ஞானலிங்கம் முன்வந்து, ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 சென் கொடுத்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டு காத்திருந்தவர்களுக்கு முதலும் முழுதாகத் திரும்பவில்லை. கைகொடுத்தவரும் ஒரு வணிகர்தானே என்று யாராவது கேட்டால், ஆமாம். அவர் அதற்காக ஓட்டுக் கேட்டு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர் எதிரில் துன் வீ. தி. சம்பந்தனை வைத்துப் பார்க்கலாம். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. லயன் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் குடும்பங்கள் நின்றன. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள், அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. சம்பந்தனும் தோட்டச் சொத்துள்ள குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆகவே சொத்தோ தொழிலோ ஒருவரைக் கெடுத்துவிடும் என்பது வாதமில்லை. பத்து வெள்ளி கொடுத்தவனுக்குத் தோட்டம் நிலத்தில் தெரிந்தது, போய்த் தொட்டுப் பார்க்க முடிந்தது. ஒரு ரிங்கிட் பங்கு வாங்கியவனுக்குப் பத்திரம் மட்டும்தான் தெரிந்தது. எல்லா வேறுபாடும் அங்கேயே இருக்கிறது.

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. மாதக் கடைசியில் இருபது பேருக்குச் சம்பளம் போட வேண்டிய கவலை தெரிந்தவனுக்கு வீண்செலவு கண்ணில் படும். அரசியலையே பிழைப்பாக வைத்திருப்பவனைவிட, சொந்த வருமானம் உள்ளவன் குத்தகைக்குப் பல்லிளிக்க மாட்டான் என்றும் சொல்வார்கள். சில இடங்களில் அது உண்மையாகவும் இருந்திருக்கிறது.

ஆனால் மலாக்கா மண்ணுக்கு இந்தக் கதை மிகப் பழையது. மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு சொல்வதைக் கேளுங்கள். பெண்டஹாரா துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வணிகர் மரபில் வந்தவர், சுல்தானின் முதலமைச்சர், பெரும் செல்வந்தர். அவர்முன் ஒரு வழக்கு வந்தது. ஒரு பக்கம் வணிகர் தலைவன் நைனா சுராதேவன், மறுபக்கம் ராஜா முதலியார். விசாரணை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அன்று இரவே நைனா சுராதேவனிடமிருந்து பெண்டஹாராவின் வீட்டுக்குப் பத்துக் கட்டி பொன் போனது, அவர் வாங்கிக்கொண்டார். செய்தி கேட்டு மிரண்ட ராஜா முதலியார் கடற்படைத் தலைவரான லக்சமானாவுக்குப் பொன் கொடுத்து, பெண்டஹாரா அரசைப் பிடிக்கத் திட்டம் போடுகிறார் என்று சுல்தானின் காதில் போடச் செய்தார். 1510இல் துன் முத்தாஹிரும் குடும்பத்தாரும் கொல்லப்பட்டார்கள். 1511இல் போர்த்துகீசியர் வந்தார்கள். மலாக்கா விழுந்ததற்குக் காரணங்கள் பல. ஆயினும் நீதி வழங்க வேண்டியவனும் விலை பேசத் தெரிந்தவனும் ஒரே ஆளாக இருந்தால் நடப்பது என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் காட்டவில்லை.

தோட்டங்களும் இதையே கற்றுக்கொடுத்தன. ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்த கங்காணி ஒரு வகையில் வணிகர். முன்பணம் கொடுத்தார், கடன் எழுதினார், பிரட்டுக்கு வந்து நின்ற ஒவ்வொரு தலைக்கும் துரையிடம் தலைக்காசு வாங்கினார். அதே ஆள்தான் லயனில் பஞ்சாயத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் தலைவர். காய்ச்சலில் கிடந்தவனை வேலைக்கு எழுப்பியது அவருடைய கொடுமை மட்டுமா, தலைக்காசின் கணக்கும்தான். ஆதாயமும் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்தால் நல்லவர் கையும் கோணலாகும். 1967இல் ஆசாஹான் தோட்டத் தொழிலாளர்கள் பிரதமரிடம் முறையிடக் கோலாலம்பூரை நோக்கி நடந்தே போனார்கள். அவர்கள் சார்பில் பேச வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் பேசியிருந்தால் அத்தனை மைல் கால்கள் தேய்ந்திருக்காது.

இனிப் பேச்சுக்கு வருவோம். 2021 நவம்பர் மலாக்கா தேர்தலில் கோவிட் காரணமாகச் செராமாவுக்குத் தடை. வேட்பாளர்கள் கைப்பேசித் திரையில்தான் வந்து பேசினார்கள். மேடை இல்லாததால் வாக்காளர் ஏமாந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது, தெளிந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. குற்றவாளி எனத் தீர்ப்பாகி மேல்முறையீட்டில் இருந்த நஜிப் அந்தத் தேர்தலில் தெருவில் இறங்கியபோது அவரோடு படம் பிடிக்கக் கூட்டம் முண்டியடித்தது. அமெரிக்காவில் இதுவே பெரிய அளவில் நடக்கிறது. 2015 ஆகஸ்டில் குடியரசுக் கட்சியின் முதல் உட்கட்சி விவாதத்தில் பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். கட்டடத் தொழிலில் பெயர் எடுத்த டொனால்ட் டிரம்ப் நடுவில் நின்றார். யார் யாரை மடக்கினார் என்பதே செய்தி. அவருடைய சூதாட்ட விடுதிகள் திவாலான கதை செய்தியின் ஓரத்தில் கிடந்தது.

திருக்குறளில் அதிகாரங்கள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையைக் கவனிக்க வேண்டும். 65ஆம் அதிகாரம் சொல்வன்மை. அமைச்சனுக்குப் பேச்சு வேண்டும் என்பதில் வள்ளுவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை அடுத்து 66இல் வினைத்தூய்மையை வைக்கிறார். பெற்ற தாய் பசித்திருந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்பதும், வஞ்சனையால் சேர்த்த பொருள் சுடாத மண்கலத்தில் ஊற்றிய நீர் என்பதும் அங்கேதான் வருகின்றன. ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கென்றே தெரிந்து தெளிதல் என்று தனி அதிகாரம் உண்டு. பெருமைக்கும் சிறுமைக்கும் உரைகல் அவரவர் செய்த செயலே என்று அதில் அடித்துச் சொல்கிறார்.

தமிழர் அறிந்த மிகப் பெரிய விவாத மேடை பாண்டியன் அவை. கோவலன் ஒரு வணிகன். அவன்மேல் பழி சொன்ன பொற்கொல்லன் நயமாகப் பேசினான், அரசன் கேட்டான், கோவலன் வெட்டுண்டான். கண்ணகி அவையேறியபோதும் பேச்சு இருந்தது, ஆனால் வழக்கை முடித்தது பேச்சன்று. சிலம்பு உடைந்தது, உள்ளே மாணிக்கம் இருந்தது. அரசியின் சிலம்பில் முத்து. வேட்பாளரின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுச் சிலம்பை உடைத்துப் பார்க்க வேண்டும் என்று நமக்கு ஏன் தோன்றுவதில்லை?

உடைக்க வேண்டியது எதை என்பதற்கும் விடை தமிழகத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட குடவோலை விதிகள், அதாவது ஊர்ச் சபை வாரியங்களுக்குக் குடத்தில் பெயரோலை இட்டு ஆள் எடுக்கும் விதிகள் அவை. நிலமும் சொந்த மனையும் உள்ளவராக இருக்க வேண்டும் என்று அவையும் கேட்டன. சொத்து வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருடைய பெயரைக் குடத்தில் போடவே கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக்கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பு ஒரு கிராமத்து பிராமணச் சபைக்கு இருந்த கண்டிப்பு இன்று நம் கோயில் நிர்வாகக் குழுவுக்கு இருக்கிறதா? ஊரில் பணம் உள்ளவரைத் தலைவராக்கிவிட்டால் திருப்பணி நடந்துவிடும் என்று நினைக்கிறோம். ஆண்டுக்கூட்டத்தில் வரவு செலவைப் படிக்கும் நேரம் பார்த்து எழுந்து சாப்பாட்டுக்குப் போகிறோம். தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியம், கூட்டுறவுச் சங்கம், இளைஞர் மணிமன்றம் எல்லாவற்றிலும் இதே கதை. பத்தாண்டு இப்படிப் பழகிவிட்டு, பதினோராவது ஆண்டில் அதே மனிதர் ஒய்பி ஆனபின் அவரிடம் கணக்குக் கேட்கும் துணிச்சல் எங்கிருந்து வரும்?

நாடாளுமன்ற உறுப்பினர்கள் சொத்து விவரத்தை அறிவிக்க வேண்டும் என்று 2019 ஜூலையில் மக்களவை தீர்மானம் போட்டது. அது ஜெயித்தவர்களுக்கு. நிற்பவர்களை மக்கள்தான் கேட்க வேண்டும். இதற்கு மேடையும் வேண்டாம், நடுவரும் வேண்டாம். நிறுவனம் நடத்துகிறேன் என்று சொல்லி வாக்குக் கேட்பவரின் நிறுவனத்துக்கு யார் யார் இயக்குநர், யார் பங்குதாரர் என்பதை நிறுவனங்கள் ஆணையத்தில் சிறு கட்டணம் கட்டி எவரும் எடுத்துக்கொள்ளலாம். அவர் தலைமை வகித்த சங்கம் ஆண்டறிக்கையை ஒழுங்காகச் சங்கப் பதிவகத்துக்கு அனுப்பியதா என்று அதன் செயலாளரைக் கேட்கலாம். தொழிலாளிகளின் ஊழியர் சேமநிதியைத் தவறாமல் கட்டியிருக்கிறாரா என்று அவரிடம் வேலை செய்தவரைக் கேட்கலாம். 2021இல் வேட்புமனு நாள் நவம்பர் 8, வாக்களிப்பு நவம்பர் 20. ஒரு தாமானில் நான்கு பேர் சேர்ந்தால் இந்த மூன்றையும் விசாரித்து முடிக்க அந்த இடைவெளியில் பாதியே போதும்.