வாட்சனின் கடிதமும் விசுவாசிகளின் நிலமும்

அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்று தோற்ற ‘விசுவாசிகளில்’ ஏறத்தாழ 30,000 பேர் 1783ஐ ஒட்டி நோவா ஸ்கோஷியாவில் குடியேறினர். அவர்களை நியூயார்க்கிலிருந்து கப்பலேற்றிய படையின் தானிய, தளவாடப் பொறுப்பு லண்டன் வணிகர் புரூக் வாட்சனிடம் இருந்தது.

வந்தவர்களுக்கு நிலம் தருவதில், குடும்பத் தலைவருக்கு 100 ஏக்கர், மற்றவர்க்குத் தலா 50 என்பது கணக்கு. காகிதத்தில் சுலபம். நல்ல நிலமோ 1760களிலேயே பெரும்புள்ளிகளின் பெயரில் பட்டாவாகி, கோடரி படாத காடாகக் கிடந்தது. அரசு அதை மீட்டாக வேண்டும். அளப்பதற்கோ ஆள் போதவில்லை. பலர் முதல் குளிர்காலத்தைக் கூடாரத்திலேயே கழித்தனர். கறுப்பின விசுவாசிகளுக்குக் கிடைத்தது இன்னும் சொற்பம். 1792இல் அவர்களில் சுமார் 1,200 பேர் சியரா லியோனுக்குக் கப்பலேறினர்.

வாட்சனுக்கு இந்த மண் புதிதல்ல. 1755இல் பிரெஞ்சு வழி அக்கேடியர்களை அங்கிருந்து வெளியேற்றிய வேலையில் அவரும் இருந்தார். 1791இல் எழுதிய கடிதமொன்றில் அதே மக்களின் நேர்மையையும் உழைப்பையும் மனமாரப் புகழ்கிறார். அதற்குள், செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் மிஞ்சியிருந்த அக்கேடியர் பலர், விசுவாசிகள் வந்ததால் இடம்பெயர்ந்து, ஆற்றின் மேற்பகுதியிலுள்ள மடவாஸ்காவுக்குப் போய்விட்டிருந்தனர்.