ஊரோடு இருப்பதன் விலை

அரட்டை என்ற சொல்லுக்கு எங்கள் பக்கம் பெரிய மரியாதை இருந்ததில்லை. வேலைவெட்டி இல்லாதவன் அடிப்பது அரட்டை. பரீட்சை நேரத்தில் தெருமுனையில் பிடிபட்ட பிள்ளைக்கு அம்மா வாயால் முதலில் கிடைப்பது அந்தச் சொல்தான். 2025 செப்டம்பர் கடைசியில், அந்தப் பெயரையே வைத்துக்கொண்ட ஸோஹோ கம்பெனியின் செய்திச் செயலியை டெல்லி அமைச்சர்களே நாட்டுக்குப் பரிந்துரைத்தார்கள். நாளுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த செயலியில் மூன்றே நாளில் தினமும் 3,50,000 பேர் சேரத் தொடங்கிவிட்டதாக ஸோஹோவை நிறுவிய ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். பெயர் வாயில் நுழையவில்லை என்று வடக்கே சிலர் குறைப்பட்டார்கள். நம் ஊர்ப் பெயர்களை ரயில்வே அறிவிப்புகளில் கேட்டுப் பழகிய நமக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி இருந்ததை மறைப்பானேன்.

ஸோஹோ தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தது 2011-ல். வேம்பு கலிபோர்னியாவை விட்டு, தென்காசியை அடுத்த மத்தளம்பாறைக்கே குடிவந்தது 2019-ல். அதே ஆண்டு நவம்பரில் தென்காசி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஸோஹோவா, தனி மாவட்டமா, எது ஊருக்கு அதிக வேலை கொடுத்தது என்பது டீக்கடையில் இன்னும் தீராத வழக்கு.

அந்த அக்டோபரில் டீக்கடைகளில் இரண்டு கட்சி இருந்தது. "நம்ம ஊர்ச் சரக்கு, அமெரிக்காக்காரன் மூஞ்சில அடிச்ச மாதிரி" என்றது ஒன்று. மற்றது, வேம்பு 2020-ல் ஆர்.எஸ்.எஸ். நிகழ்ச்சிக்குப் போனதை நினைவூட்டி, "அதுல பேசுனா நேரா டெல்லிக்குப் போயிரும் அண்ணாச்சி" என்றது. முன்னவர்களுக்கு, செயலியைப் பற்றிய எந்தக் கேள்வியும் தேசத்துரோகம். பின்னவர்களுக்கு, எழுதியவரின் அரசியல் பிடிக்காததால் மென்பொருளே பழுது. (ஒன்றிய அரசு என்று எழுதுகிறோமா, மத்திய அரசு என்றா என்பதை வைத்தே இன்று ஆளை எடைபோட்டுவிடுகிறார்கள். டெல்லி என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறேன்.) சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை மட்டும் இரு தரப்பும் அதிகம் கேட்கவில்லை. அன்றைய நிலையில் அரட்டையின் அழைப்புகளுக்கு முனைக்கு முனை பூட்டு உண்டு; அதாவது பேசுபவர்கள் தவிர, நடத்தும் கம்பெனிகூடத் திறக்க முடியாத பூட்டு. எழுத்துச் செய்திகளுக்கு அது இயல்பாக இல்லை.

சுதேசி மென்பொருள் வேண்டும் என்ற வாதத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். 2025 ஜூலையில் ஐரோப்பியத் தடையைக் காரணம் காட்டி மைக்ரோசாஃப்ட், இந்தியாவில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா எனர்ஜி கம்பெனிக்கு மின்னஞ்சல் முதலான சேவைகளை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகே சேவை திரும்ப வந்தது. எங்கோ ஒருவன் பொத்தானை அமுக்கினால் இங்கே ஒரு தொழிற்சாலையின் கடிதப் போக்குவரத்து நிற்கும் என்றால், அரசாங்கத்தின் மேசையில் அந்நியச் சரக்கு இருப்பது ஆபத்துதான். டெல்லி அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஸோஹோ தளத்துக்கு மாறியதில் நியாயம் இருக்கிறது. அரசின் கடிதம் அரசின் வீட்டில் இருக்கட்டும்.

என் கடிதம்தான் சிக்கல்.

இதே தாமிரபரணிச் சீமையில் சுதேசிக்கு ஒரு முன்கதை உண்டு. 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து மோதியது. சர்க்கார் 1908-ல் அவரையே சிறைக்கு அனுப்பியது. 1911-க்குள் கம்பெனி முடிந்தது. அன்று சுதேசி என்பது அரசாங்கத்தை எதிர்த்து விட்ட கப்பல். இன்றைய சுதேசிக்கு அமைச்சர்களே பாய்மரம் கட்டுகிறார்கள். வாட்ஸ்அப் கணக்கு முடங்கிவிட்டது என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனவரிடம், அரட்டை இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமே என்று அந்த அக்டோபரில் நீதிபதிகளே சொன்னார்கள். வ.உ.சி.க்கு இப்படியொரு நீதிமன்றம் வாய்க்கவில்லை.

அரசை மறுத்துப் பேசியது அந்நியக் கம்பெனிதான். 2024 ஏப்ரலில் வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வார்த்தை சொன்னது. செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று காட்டச் சொல்லும் 2021-ம் ஆண்டு விதிக்காகப் பூட்டை உடைக்கச் சொன்னால், இந்தியாவை விட்டுப் போய்விடுவோம் என்றது. அந்தக் கம்பெனி நம் அந்தரங்கத்துக்காக உருகுகிறது என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. அதன் தொழிலே நம்மை அளந்து விற்பது. ஆனாலும் அதற்குப் போக ஓர் இடம் இருந்தது, அதனால் பேச ஒரு வாய் இருந்தது. மத்தளம்பாறையில் வீடும் பள்ளியும் அலுவலகமுமாக வேர்விட்டவர் எங்கே போவார்? ஊரை விட்டுப் போக மாட்டேன் என்பதுதான் வேம்புவின் பெருமை. மறுக்க வேண்டிய நாள் வந்தால் அவர் கையைக் கட்டுவதும் அதுவே. அவர் யோக்கியர் என்றே வைத்துக்கொள்வோம். யோக்கியருக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ம் பிரிவு பொருந்தும். பூட்டிய செய்தியைத் திறந்து கொடுக்க மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. அவரே திறக்க முடியாத பூட்டு மட்டும்தான் அவரையும் நம்மையும் சேர்த்துக் காக்கும்.

நம் கடிதத்தை அரசு பிரிக்கும் என்பது புதுக் கவலை அல்ல. குற்றாலத்தில் வாழ்ந்த தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. பேச்சை ஒரு கலையாகவே நடத்தினார். ராஜாஜியும் கல்கியும் அவர் வீடு தேடி வந்தார்கள். வர முடியாதவர்களுக்குக் கடிதம் போனது. அந்தக் கடிதங்களைச் சுமந்த தபால்துறையின் 1898-ம் ஆண்டுச் சட்டம், பொது அமைதியின் பெயரால் உறையைப் பிரிக்க சர்க்காருக்கு இடம் கொடுத்தது. 1986-ல் நாடாளுமன்றம் அந்த அதிகாரத்தை இன்னும் அகலமாக்கியபோது குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை; மசோதாவை மேசையிலேயே தூங்கவிட்டு ஓய்வுபெற்றார். 2023-ல் புதிய தபால் சட்டம் வந்தது. தபாலைப் பிரிக்கும் அதிகாரம் அதிலும் இருக்கிறது. எந்தப் பேனாவும் தயங்கவில்லை.

2025 நவம்பரில் அரட்டைக்குத் தனிநபர் உரையாடலுக்கான பூட்டு வந்தது. தேசபக்தியைவிட இதைத்தான் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் செயலி தரவரிசையில் கீழே போயிருந்தது, சண்டையும் வேறு விஷயத்துக்கு நகர்ந்திருந்தது.

எனக்குத் தெரிந்த டீக்கடை அண்ணாச்சி போனில் இரண்டு செயலியும் உண்டு. அரட்டையில் மூன்று பேர். மற்றதில் மதுரை முதல் துபாய் வரை சொந்தக்காரர்கள்; சீசனில் "தண்ணி விழுதா?" என்று கேட்பவர்கள், குற்றாலப் பேரருவி வளைவைத் தாண்டிக் கொட்டும் வீடியோவுக்குக் காத்திருப்பவர்கள். நிலத் தகராறைப் பற்றி அவர் எதிலும் எழுதுவதில்லை. அதைப் பேசக் கடை வாசலுக்கு இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி, மெதுவான குரலில் பேசுகிறார். பழக்கமில்லாத முகம் ஒன்று பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தால், "இந்த வருசம் சாரல் கம்மிதாம்வே" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்.