டொக்!

காலையில் அவசரமாகக் கிளம்புகிறீர்கள். காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் 'டொக்'. அவ்வளவுதான். இன்னொரு தடவை திருப்பினாலும் அதே 'டொக்'. உடனே என்ன சொல்வீர்கள்? 'பேட்டரி டவுன்!' நானும் அதைத்தான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அப்போது என்னிடம் ஒரு டிரைவர் இருந்தார். நாலு வருஷப் பழக்கம். அதுவரை 'நீங்க' என்று பேசியவரை அன்று 'நீ' என்றேன். ''ராத்திரி லைட்டை அணைக்காமப் போயிட்டியா?'' வாட்ச்மேன், பால்காரர், பக்கத்து ஃபிளாட்காரர் எல்லோரும் பார்க்க ஒரு சத்தம்.

''அணைச்சுட்டுத்தான் சார் போனேன்'' என்றார். நான் நம்பவில்லை. புது பேட்டரி வாங்கி மாட்டியதும் வண்டி ஜம்மென்று கிளம்பியது. 'பார்த்தியா?' என்று ஒரு பார்வை வேறு. அந்த மாசக் கடைசியில் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. மறுபடி 'டொக்'!

வந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பானெட்டைத் திறக்கவே இல்லை. ''ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்புங்க சார்'' என்றார். திருப்பினேன். 'டொக்'. ஆனால், எதிர்ச் சுவரில் வெளிச்சம் மங்கவே இல்லை. ''பேட்டரி செத்திருந்தா லைட்டும் சாகணுமே சார்?''

அப்புறம்தான் மீட்டரை எடுத்தார். ஒரு முனை பேட்டரியின் மைனஸில், இன்னொரு முனை எஞ்சினில். சாவியைத் திருப்பச் சொன்னார். நாலு வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே நடுவில் தடை இருக்கிறது என்று அர்த்தமாம். பேட்டரியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற எர்த் கேபிளின் மறுமுனையில், போல்ட்டுக்கு அடியில் துரு. லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும், அதற்கு வேறு எர்த். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அந்தத் துரு வழியாக அவ்வளவு கரென்ட் எப்படிப் போகும்? உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினார். வண்டி கிளம்பிவிட்டது.

''அப்ப, புது பேட்டரி போட்டதும் ஓடிச்சே?''

''மாத்தறப்ப கேபிளை ஆட்டியிருப்பாங்க சார். கொஞ்ச நாள் பிடிச்சிருக்கும்.''

என் தீர்ப்புக்குக் கிடைத்த 'ஆதாரம்' அவ்வளவுதான்! ஹெட்லைட்டைப் போட்டுப் பார்க்க காசா, பணமா? ஏன் பார்க்கவில்லை? முந்தின ராத்திரி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவர் என் மாமனாராக இருந்தால், 'வண்டிக்கு என்ன கோளாறு?' என்றுதான் கேட்டிருப்பேன். நிறுத்தியவர் டிரைவர் என்பதால், கோளாறே அவர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். திருப்பிப் பேச முடியாதவர் மேல்தான் நம் சந்தேகம் முதலில் போய் விழுகிறது. கவனித்திருக்கிறீர்களா?

'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். ஆராயாமல் நம்பினாலும் துன்பம். ஆராய்ந்து நம்பியவரைச் சந்தேகப்பட்டாலும் துன்பம். முதலாவதில் நாம் எல்லோரும் உஷார். இரண்டாவதில்தான் கோட்டை விடுகிறோம்.

டிரைவருக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். ''பரவாயில்லைங்க சார்'' என்றார். திரும்பி வரவில்லை. வாசலில் நாலு பேர் எதிரில் திட்டிவிட்டு, போனில் ரகசியமாக மன்னிப்புக் கேட்டால் கணக்கு நேராகிவிடுமா?

இன்னொன்றும் உறுத்துகிறது. ஒருவேளை அவர் நிஜமாகவே லைட்டை அணைக்க மறந்திருந்தால்? அப்போது மட்டும் அந்த 'நீ' நியாயமாகிவிடுமா? பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். நாலு வருஷ மரியாதையை எங்கே கொடுத்து ஏற்றுவது?

அடுத்த முறை 'டொக்' கேட்டால் முதலில் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் மோதிரத்தைக் காணோமா? வேலைக்காரம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால், பீரோவை ஒரு தடவை முழுசாகத் தேடிவிடுங்கள்.