கூட்டெழுத்தும் தனிப்பொறுப்பும்

பலர் ஒன்றுகூடி ஒரு பொருள் குறித்து எழுதும்போது, அவ்வெழுத்துக்கு விடைகூற வேண்டியவர் யார்? புகழைப் பகிர்ந்துகொள்வதிற் பெரிய இடர்ப்பாடு எழுவதில்லை. பத்துப் பேர் ஆக்கிய நூலொன்று பாராட்டப்படுமாயின் பத்துப் பேரும் மகிழலாம். ஒருவரின் மகிழ்ச்சி மற்றவரின் மகிழ்ச்சியைக் குறைப்பதில்லை. ஆனால், அந்நூலில் ஒரு பொய் இடம்பெற்று, அதனால் ஒருவருக்குத் தீங்கு நேருமாயின், அப்பொய்யிற் பத்திலொரு பங்கே என்னுடையது என எவரேனும் கூறமுடியுமா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகளை முதலில் நோக்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரான்சில் டிடறோவும் தாலம்பேரும் பதிப்பிக்கத் தொடங்கிய கலைக்களஞ்சியம், 1751 முதல் 1765 வரை 17 தொகுதிகளாக வெளிவந்தது. அதனோடு இணைந்த 11 படத்தொகுதிகள் 1772இல் நிறைவெய்தின. நூற்றுக்கு மேற்பட்டோர் அப்பணியிற் பங்குகொண்டனர். ஜோக்கூர் என்பவர் மட்டும் ஏறத்தாழ 17,000 கட்டுரைகளை எழுதினார். அக்களஞ்சியம் கைக்கொண்ட ஒழுங்கொன்று நம் கவனத்துக்குரியது. கட்டுரைகள் பலவற்றின் இறுதியில், எழுதியவர் இன்னார் எனச் சுட்டும் எழுத்தடையாளம் பொறிக்கப்பட்டது. 1757இல் வெளிவந்த ஏழாந் தொகுதியில் ஜெனீவா நகர் பற்றித் தாலம்பேர் எழுதிய கட்டுரை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அதே களஞ்சியத்துக்குக் கட்டுரைகள் எழுதிய றூசோ, தாலம்பேரை விளித்து 1758இல் நீண்டதொரு மறுப்பு மடலை வெளியிட்டார். ஒரு நூலின் பங்காளிகள் இருவர் இவ்வாறு வெளிப்படையாக முரண்பட முடிந்தமைக்கு, யார் எதனைக் கூறினார் என்பது தெளிவாயிருந்தமையே காரணமாகும்.

இதற்கு நேரெதிரான வழியைப் பின்பற்றியோர் நிக்கலா பூர்பாக்கி குழுவினர். 1934ஆம் ஆண்டின் இறுதியிற் பாரிசிற் கூடிய இளங் கணிதவியலாளர் சிலர், பிறவாத ஒருவரின் பெயரைப் புனைந்து, அப்பெயரிலேயே 1939 முதல் நூல்களை வெளியிட்டனர். எப்பகுதியை எவர் எழுதினார் என்பது வாசகருக்குக் கூறப்படவில்லை. ஆயினும், ஒவ்வொரு வரைவும் குழுவின் முன் வரிவரியாக வாசிக்கப்பட்டது, கடுமையாக மறுக்கப்பட்டது, வேறொருவரால் மீள எழுதப்பட்டது. ஒருவரேனும் உடன்படாதவரை அது அச்சேறவில்லை.

இவ்விரு வழிகளும் தம்முள் மாறுபட்டவை. எனினும் இரண்டும் நேர்மையானவையே. முன்னையதில் ஒவ்வொருவரும் தத்தம் பகுதிக்குப் பொறுப்பாளர். பின்னையதில் ஒவ்வொருவரும் முழுமைக்கும் பொறுப்பாளர். அறத்துக்கு மாறானது மூன்றாவதொரு நிலை: பெயரும் சுட்டப்படாது, அனைவரது உடன்பாடும் பெறப்படாது எழுத்து வெளிவரும் நிலை.

அந்நிலை எத்தகையது என்பதற்கும் கலைக்களஞ்சியத்தின் வரலாற்றிலேயே சான்றுண்டு. 1759இல் அந்நூலுக்கான அரச உரிமம் நீக்கப்பட்டது. தண்டனைக்கு அஞ்சிய அச்சாளர் லெ பிறெத்தன், டிடறோ ஒப்புதலளித்த அச்சுப்படிகளை அவரறியாமல் வெட்டியும் திருத்தியும் அச்சிட்டார். 1764இல் இதனைக் கண்டறிந்த டிடறோ பெரிதும் மனமுடைந்தார். அச்சாளரின் அச்சம் காரணமற்றதன்று. பொருளையும் விடுதலையையும் இழக்கக்கூடியவர் அவர். வெட்டுதலும் தன்னளவிற் குற்றமன்று. பதிப்பாசிரியர் எவரும் அதனைச் செய்வர். சிதைக்கப்பட்ட கூற்றை, எழுதியவரின் கூற்றாகவே உலகுக்குக் காட்டியதே குற்றம். அவர் தம் அச்சத்துக்கான விலையைப் பிறருடைய பெயரிலிருந்து செலுத்தினார்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். மொழி பொதுவுடைமை, அறிவு பல தலைமுறையினரின் ஈட்டம், ஆகவே ஒரு கருத்தின்மீது தன் பெயரைப் பொறிப்பது செருக்கேயன்றி வேறன்று என்பர் சிலர். இவ்வாதத்தில் உண்மையுண்டு. எனினும், உரிமை வேறு, விடைகூறுங் கடமை வேறு என்பதை அது மறந்துவிடுகின்றது. ஊர்க்கிணற்று நீர் தனியொருவனுக்கு உரியதன்று. ஆயினும் அதனை மொண்டு பிறருக்குக் கொடுப்பவன், தன் கலம் தூயதா என்பதற்கு விடைகூறக் கடமைப்பட்டவன்.

சங்கத் தொகைநூல்களைத் தொகுத்தோர் இவ்வேறுபாட்டை மதித்தனர் எனலாம். ஒரே திணையிலும் ஒரே துறையிலும் புலவர் பலர் பாடினர். அப்பொதுமையில் தனியொருவரின் குரல் கரைந்துபோவது எளிது. ஆயினும் தொகுத்தோர் புலவர் பெயரைப் பேணினர். பெயர் அறியப்படாதவிடத்து, பாட்டிலமைந்த தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என வழங்கினர். பெயர் இங்குச் செருக்கின் சின்னமன்று. இஃது ஒருவரின் கூற்று என்பதற்கான சாட்சியாகும்.

அண்மைக்கால நிகழ்வொன்றும் நோக்கத்தக்கது. 2009இற் கேம்பிறிட்ஜ் கணிதப் பேராசிரியர் திமொத்தி கவேர்ஸ், கடினமான கணிதச் சிக்கலொன்றை இணையத்தில் யாவரும் காணுமாறு முன்வைத்து, கூடித் தீர்க்க வருமாறு அழைத்தார். சில வாரங்களிற் புதிய நிறுவல் ஒன்றுக்கு வழி பிறந்தது. 2012இல் அது டி. எச். ஜே. பொலிமாத் என்ற புனைபெயரில் ஆய்வுக்கட்டுரையாக அச்சேறியது. ஆயின் எவர் எக்கருத்தைக் கூறினார், எவருடைய வழி பிழைத்தது என்பன யாவும் பதிவில் அழியாதிருந்தன. புகழ் பொதுவாயிற்று, கூற்றுத் தனித்தே நின்றது.

இவ்வினா நம்மிடமிருந்து தொலைவிலுள்ளதன்று. ஆய்வேடுகளிற் பல பெயர்கள் இடம்பெறும் காலம் இது. பிழை வெளிப்படும்போது, மாணவர் செய்தது என மூத்தவரும், பணித்தபடி செய்தேன் என மாணவரும் ஒதுங்குவராயின், ஏட்டிற் பெயர்கள் பல இருந்தும் விடைகூற ஒருவரும் இல்லை என்றாகும். எனவே கூட்டெழுத்திற் பெயரிட முன்வருவோர், தமக்குள் ஒன்றைக் கேட்டுத் தெளிதல் வேண்டும்: இவ்வெழுத்தாற் பாதிக்கப்பட்டவர் முன், துணைவர் எவருமின்றி, நான் தனியே நின்று விடைகூறுவேனா? ஒரு பகுதிக்கு மட்டுமே கூறமுடியுமெனின் அப்பகுதியைச் சுட்டுக. முழுமைக்கும் கூறமுடியுமெனின் முழுமைக்கும் பெயரிடுக. இரண்டும் இயலாதெனின், அங்குப் பெயரிடாது விலகி நிற்பதே அறமாகும்.