'ஓடுது அண்ணை'

ஸ்காபரோவில் பழைய டீசல் லொறியொன்று கைமாறும்போது சில வேளைகளில் விற்பவரும் எங்களவர், வாங்குபவரும் எங்களவர், நடுவில் நிற்கும் மெக்கானிக்கும் எங்களவர். 401 நெடுஞ்சாலையில் பத்து லட்சம் கிலோமீற்றர் ஓடிய வண்டி. நடுவில் நிற்பவர் எவ்வளவு சொல்லவேண்டும்?

நீலப் புகையென்றால் ஒயில் எரிகிறது. கரும்புகையென்றால் டீசலுக்குக் காற்றுப் போதவில்லை. ஓடும்போது ஒயில் மூடியைத் திறக்கப் பலமாக ஊதினால் ரிங்குகள் தேய்ந்திருக்கும். கொம்பிறெஷன் குறைந்த எஞ்சின் தன் நோயைக் குளிரில்தான் காட்டும்: ஸ்ராட் ஆக அடம்பிடிக்கும், வெண்புகை கக்கும். அதனால்தான் சில விற்பனைக்காரர் நாங்கள் போய்ச் சேருமுன்பே எஞ்சினைச் சூடாக்கி வைக்கிறார்கள். தொட்டுப் பார்ப்பவருக்கு அந்தச் சூடே வாக்குமூலம்.

1990 இல் போர் மீண்டும் மூண்டு எரிபொருள் தடைப்பட்டபின், யாழ்ப்பாணத்தில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். 'ஓடுதா?' என்ற ஒரே கேள்விதான். நோயாளி உள்ளே கிடக்கையில் வேறென்ன கேட்பது! இங்கும் எங்களிற் சிலர் 'ஓடுது அண்ணை' என்று சொல்லி ஒதுங்குகிறார்கள். சொன்னது உண்மைதான். ஆனால் வீட்டை ஈடுவைத்து வந்தவர் கேட்டது, இது எத்தனை காலம் ஓடும் என்று.

ஊரவனைக் காட்டிக்கொடுப்பதா என்பார்கள். எங்களிடையே அது இரத்தம் தோய்ந்த சொல். தேய்ந்த ரிங்குக்கு அதை இழுக்கவேண்டாம். விற்பவரிடமே முதலில் சொல்லலாம்: "அண்ணை, நாளைக்கு விடிய, குளிர்ந்தபடியே ஸ்ராட் பண்ணிப் பார்ப்பம். அவரும் பக்கத்திலை நிக்கட்டும்."