வலையிழுப்போர் பாட்டும் கேட்போர் இன்பமும்

பிறர் முதுகு வளைந்து உழைக்கையில் பிறந்த பாட்டை, நாம் நிமிர்ந்து அமர்ந்து கேட்டு இன்புறுவது முறைதானா? திருகோணமலையில் வாழ்வோர்க்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என வடக்கே நீளும் கடற்கரையில், வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கும் மாதங்களில், கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலைத் தலைமுறைகளாகக் கேட்டு வந்திருக்கிறோம். கேட்டு மகிழ்ந்தும் இருக்கிறோம். அந்த மகிழ்ச்சிக்கு நமக்குள்ள உரிமை யாது என்பதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தல் தகும்.

அம்பா எவ்வாறு பிறக்கிறது? தோணி ஒன்று வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுக் கரைக்கு மீள்கிறது. வலையின் இரு பக்கக் கயிறுகளையும் இரண்டு அணியினர் கரையில் நின்று இழுக்கின்றனர். வெயிலில் மணிக்கணக்காக நீளும் இழுப்பு அது. ஒருவர் அடியெடுத்துப் பாட, மற்றவர் ஒருமித்து மறுமொழி தருவர். மறுமொழி விழும் இடத்திலேதான் கயிறு நகரும். மடி கரையை நெருங்க நெருங்கப் பாட்டும் விரைவு கொள்ளும். தெய்வத்தின் பெயர், காதல், கேலி, வீட்டு நினைவு என்று வாய்க்கு வந்ததெல்லாம் பாட்டில் ஏறும். பிடிபட்ட மீன் விலையானதும் செலவு கழிந்து, வலைக்குடைய சம்மாட்டியின் பங்கு போக, எஞ்சியதை இழுத்த கைகள் பகிர்ந்துகொள்ளும். வலை வெறுமையாய் வந்தால் பகிர்வதற்கும் ஒன்றுமில்லை. சிங்கள மீனவரிடையேயும் வலையிழுக்கும் பாடல்கள் உண்டு என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். கயிற்றின் பாரம் இனம் பார்ப்பதில்லை.

உழைப்பின் தாளத்திலிருந்தே கவிதை கிளைத்தது என்ற கருத்தை ஜோர்ஜ் தொம்சன் 1945இல் வெளிவந்த ‘மார்க்சியமும் கவிதையும்’ என்ற சிறுநூலில் விளக்கினார். அவரிடமே நம் கைலாசபதி பேர்மிங்ஹாமில் ஆராய்ச்சி செய்தார். ஆகவே அம்பாவின் பிறப்பு பற்றி நமக்குள் பெரிய கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் பாட்டு எங்கே பிறந்தது என்று அறிந்துவிட்டால் மட்டும், அதைக் கேட்பவரின் கடமை என்ன என்பது விளங்கிவிடுமா? கேட்பவரும் பழங்காலந்தொட்டே இருக்கிறார். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், மதுரை நோக்கி நடக்கும் கோவலனும் கண்ணகியும் உழவரின் ஏர்மங்கலத்தையும் களத்தில் எழும் முகவைப்பாட்டையும் கேட்கும் வழியிலேயே செல்கின்றனர். பாடியவர் வயலில் நின்றனர், கேட்டவர் வழிநடந்தனர். நம்மிற் பெரும்பாலோர் இன்றும் வழிநடப்போரே.

கலை கலைக்காகவே என்போர்க்கு இதில் சிக்கல் எதுவுமில்லை, அவர்களை விட்டுவிடுவோம். மற்றொரு சாரார், பிறர் துயரைக் கேட்டு இன்புறுவது குற்றம் என்று முகம் சுளிப்பர். நம் அணியிலும் இத்தகையோர் உளர். இவர்கள் பாடியவனையே மறந்துவிடுகின்றனர். வலை இழுப்பவன் அழுவதற்காகப் பாடுவதில்லை. பாரம் குறைவதற்காகப் பாடுகிறான். நல்ல கேலி ஒன்று விழுந்தால் அணி முழுவதும் சிரிக்கும். அந்த இன்பம் முதலில் அவனுடையது. நமக்கு வருவது அதன் எதிரொலியே. அதை மறுப்பது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அப்படியாயின் தவறு எங்கே நுழைகிறது?

இதற்கு விடை காண, கடல்கடந்த இன்னோர் உழைப்பிசையின் கதையை நோக்குவோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்கள் பருத்தி வயல்களிலும் சிறைப் பண்ணைகளிலும் பாடிய பாடல்களின் மடியிலே புளூஸ் என்னும் இசை வளர்ந்தது. ஒருவர் விளிக்க மற்றவர் விடை தரும் அமைப்பு, அங்கே குரலுக்குக் கிட்டார் விடை தருவதாக மாறிற்று. பிக் பில் புரூன்சி என்ற பாடகர் பல ஆண்டுகளாகச் சிக்காகோ நகரவாசி. இசைக்குழுவோடு எத்தனையோ இசைத்தட்டுகள் வெளியிட்டவர். 1938இல் நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் அவரைப் பண்ணைத் தொழிலாளி என்றே அறிமுகம் செய்தனர். 1951இல் அவர் ஐரோப்பாவுக்குச் சென்றபோதும் நகரத்துக் கலைஞரை எவரும் கேட்கவில்லை. தனிக் கிட்டாரோடு நிற்கும் கிராமத்தானையே கேட்டனர். அவரும் அந்த வேடத்தை ஏற்றார். பிழைப்பு அது. மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியின் ஸ்டோவல் பண்ணையிலிருந்து 1943இல் சிக்காகோவுக்கு வெளியேறினார். மறு ஆண்டே அதே வட்டாரத்துப் பண்ணை ஒன்றில் பருத்திப் பயிர் முழுவதும் இயந்திரத்தாலேயே விளைவித்து எடுக்கப்பட்டது. 1958இல் அவர் மின்கிட்டாருடன் இங்கிலாந்தில் மேடையேறியபோது ரசிகர் சிலர் முகஞ்சுளித்தனர். வயலை விட்டு வெளியேறிய மனிதனிடம் அவர்கள் வயலையே தேடினர்.

பிரான்ஸ் இவ்விசையைப் பெரிதும் நேசித்த நாடு. மெம்பிஸ் ஸ்லிம் 1962இல் பாரிசிலேயே குடியேறினார். சொந்த நாட்டில் கிட்டாத மதிப்பு அங்கே கிட்டியது என்பதை மறுக்க இயலாது. திராட்சைக் கொடிகள் சூழ்ந்த சிறு நகரங்களிலே, காஹோரில் 1982 முதலும் கோன்யாக்கில் 1994 முதலும், புளூஸ் விழாக்கள் தோன்றின. கோடை மாலையில் குடும்பத்தோடு புல்வெளியில் அமர்ந்து கேட்கும் அம்மக்களின் மகிழ்ச்சி கள்ளமற்றது என்றே கொள்வோம். எனினும் ஒன்றை மறத்தல் ஆகாது. 1961 அக்டோபர் 17இல் பாரிசின் வீதிகளில் அல்ஜீரியர் ஊர்வலம் இரத்தத்தில் அடக்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் பிடிபட்டோரிற் பலர் பலே தெ ஸ்போர் என்னும் அரங்கினுள் அடைக்கப்பட்டனர். மூன்றே நாட்களின் பின் அதே அரங்கில் ரே சார்ள்ஸ் பாட வேண்டியிருந்தது. அல்ஜீரியர் வேறிடத்துக்கு அகற்றப்பட்டனர், அரங்கு துப்புரவாக்கப்பட்டது, கறுப்பினக் கலைஞரை வரவேற்றுக் கூட்டம் கைதட்டியது. தொலைவிலுள்ள துயரின் பாட்டுக்குத் திறந்த செவி, தன் வாசலில் எழுந்த கூக்குரலுக்கு மூடிக்கிடந்தது.

இதைப் படித்து நாம் பிரான்சைப் பழிப்பது எளிது. நம் கரைக்கு மீள்வோம். போர்க்காலத்தில் கடற்றொழிலுக்கு விதிக்கப்பட்ட தடைகளும் 2004 டிசம்பர் 26இன் கடற்கோளும் இக்கரையின் மக்களை உலுக்கின. அவற்றின் பின் வேறொரு மாற்றமும் வந்தது. இலங்கையின் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் கரைவலையை இழுக்கத் தொடங்கியது. இதனால் கடலடி வளம் கெடும் என்போரின் வாதம் தனியே ஆராயத்தக்கது. எத்தனை பேர் வேலை இழந்தனர் என்பதும் அவ்வாறே. ஆனால் பண்பாட்டில் அக்கறையுள்ள நம்மவர் சிலர் பெருமூச்செறிவது இவற்றுக்காக அன்று; அம்பா அழிகிறதே என்பதற்காக. தோள் நோவு தீர்ந்தவன் நமக்கொரு பாட்டுக் கடன்பட்டிருக்கிறானா? மடி வாட்டர்ஸிடம் பருத்தி வயலைத் தேடியவர்க்கும் இவர்க்கும் என்ன வேறுபாடு?

பறையின் வரலாறு இவ்விடத்தில் உதவும். சாவு வீட்டிலே பறையடித்தல் பிறப்பால் ஒரு சாதியின் தலையில் சுமத்தப்பட்ட தொண்டாக இருந்தவரை, அதை அடிக்க மறுத்ததே தன்மானமாயிற்று. ‘கலை போகிறதே’ என்று அன்று எவரேனும் அழுதிருந்தால் அவர் அடக்குவோர் பக்கமே நின்றிருப்பார். பின்னர் தமிழ்நாட்டில் தலித் கலைஞர் அதே பறையைத் தம் எதிர்ப்பின் குரலாக மீண்டும் கையிலெடுத்தனர், பெண்களும் எடுத்தனர். கருவி மாறவில்லை. மறுக்கும் உரிமையைப் பெற்றபின் அடித்தனர், அவ்வளவே. பாடுவோன் நிறுத்திக்கொள்ளவும் கூடும் என்ற நிலையில்தான் அவன் பாட்டைக் கேட்கும் நம் இன்பம் மாசற்றதாகிறது.

நம் பாடசாலை மேடைகளில் கிராமியப் பாடல் என்ற பெயரில் அம்பாவும் ஏறுவதுண்டு. தூய சாரமும் தலைப்பாகையும் அணிந்த மாணவர் வெறுங்கயிற்றை இழுத்துப் பாட, நாம் மதிப்பெண் இடுகிறோம். பிள்ளைகள் பாடட்டும்; அழகாகவே பாடுகின்றனர். அவர்களுள் எந்தப் பிள்ளையின் தந்தை அன்று காலை மெய்யாகவே கயிறு பிடித்தார், அவர் கைக்கு எவ்வளவு பங்கு வந்தது என்பது நடுவர் இருக்கையில் அமர்ந்த நமக்குத் தெரியுமா? அந்த இருக்கைகளுள் ஒன்றில் அவரை அமரச் செய்வதற்கு எந்தச் சுற்றுநிருபமும் தடையாக இல்லை.